முள்ளம்பன்றி போட்ட கதவு

இலுப்பைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி ஒரு மாதமாகத் தூக்கமில்லாமல் கிடந்தது. பகலில் தூங்க வேண்டிய பிராணி அது. ஆனால் ஒரு நரி பார்த்துப் பார்த்துப் பகலில்தான் அதன் பாறை வளையை மோப்பம் பிடிக்க வரும். உள்ளே மனைவியும் இரண்டு குட்டிகளும். அதனால் முள்ளம்பன்றி தன் முதுகால் வாசலை அடைத்துக்கொண்டு, பகல் முழுக்கக் கண்ணை மூடாமல் படுத்திருந்தது.

"ஒரு கதவு மட்டும் இருந்தா நானும் அசந்து தூங்குவேன்," என்று புலம்பியது.

"மரங்கொத்திகிட்டப் போய்த் தச்சு வேலை கத்துக்கிட்டு வாங்களேன்," என்றது மனைவி.

மரங்கொத்தி மாலை நேரத்தில் மூன்று வகுப்பு நடத்தியது. முதல் வகுப்பில் அளவெடுக்க, அறுக்க, இழைக்கச் சொல்லித் தரும். இரண்டாவதில் பலகையோடு பலகை சேர்க்க. மூன்றாவதில்தான் கதவும் கட்டிலும்.

"என்னை மூணாவதுல சேர்த்துக்கோ வாத்தியாரே."

"உளி பிடிச்சிருக்கீங்களா அண்ணே?"

"என் பல்லைப் பாரு. பிறந்ததுலேருந்து மரம் கடிக்கிறவன்கிட்டக் கேக்கிற கேள்வியா இது?"

"கடிக்கிறது வேற, செய்யிறது வேற. முதல் வகுப்புல சேருங்க. பத்தே நாள்தான்."

"அங்க யார் யாரு இருக்காங்க?"

"ரெண்டு அணில், ஒரு ஆமை."

முள்ளம்பன்றிக்குச் சுருக்கென்றது. இந்த வயதில் ஆமைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போடப் பழகுவதா? அதோடு இன்னும் பத்துப் பகல் விழித்திருக்க வேண்டுமே! நினைக்கும்போதே கண் எரிந்தது.

"என்னால முடியாதுப்பா. மூணாவதுதான்."

நாளெல்லாம் கொத்திக் கொத்தி மரங்கொத்திக்குக் கழுத்து வலி. வாதாடத் தெம்பில்லை. "உங்க இஷ்டம்," என்றது.

மூன்றாம் வகுப்பில் ஒரு குரங்கும் ஒரு மரநாயும் இருந்தன. "கதவைச் சுத்தி ஒரு நூல் விட்டுப் பொருத்தணும். எதுக்குன்னு முதல் வகுப்புலயே சொல்லியாச்சு," என்றது மரங்கொத்தி. இரண்டும் தலையாட்டின. என்ன நூல், எதற்கு விடுவது என்று முள்ளம்பன்றிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கேட்டால் மானம் போகும். அதுவும் தலையாட்டி வைத்தது.

ஆறு நாளில் கதவு தயார். உளி சறுக்கிய இடத்தையெல்லாம் பல்லால் கடித்தே சரிக்கட்டியிருந்தது. வாசலில் மாட்டியபோது இம்மி வெளிச்சம் கசியவில்லை.

"கொஞ்சம் இறுக்கமா இருக்கே அண்ணே," என்றது பார்க்க வந்த குரங்கு.

"இறுக்கம்தான் வேணும். நரியோட மீசை முடிகூட நுழையக் கூடாது."

நான்கு பகல் முள்ளம்பன்றி அடித்துப் போட்டாற்போலத் தூங்கியது. ஐந்தாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. மாலையில் இரை தேடக் கிளம்பிக் கதவைத் தள்ளினால், அசையவில்லை. தோளைக் கொடுத்து இடித்தது. மனைவியும் சேர்ந்து இடித்தது. கதவு மழையில் ஊறி, உப்பி, பாறையோடு பாறையாக நின்றது. சுற்றிலும் பாறை என்பதால் தோண்டவும் வழியில்லை. இரண்டு நாள் குட்டிகள் பசியில் அழுதன.

"இடிச்சது போதும். கடிங்க," என்றது மனைவி.

தான் செய்த கதவைத் தானே கடித்துத் துப்பியது முள்ளம்பன்றி. அழுகை வந்தது. ஒருவழியாக ஓட்டை விழுந்து தலையை வெளியே நீட்டியபோது, எதிரே சேற்றில் ஆமை போய்க்கொண்டிருந்தது.

"மழைக்கு மரம் உப்பும் அண்ணே. அதுக்குத்தான் சுத்திலும் ஒரு நூல் கனத்துக்கு இடம் விடுறது. முதல் வகுப்புல ரெண்டாம் நாளே வாத்தியாரு சொல்லிக் குடுத்தாரு."

ஆமை கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகமாக வலித்தது. "நீ எங்க போற?" என்று கேட்டது முள்ளம்பன்றி.

"வகுப்புக்கு. அந்தப் பத்து நாள் முடிஞ்சிருச்சு. நான் இப்ப ரெண்டாவதுல இருக்கேன்."

மறுநாள் பகலில் நரி வந்தது. முள்ளம்பன்றி கதவின் ஓட்டையை முதுகால் அடைத்துக்கொண்டு, பழையபடி கண்ணைத் திறந்தபடியே படுத்திருந்தது. மாலையில் போய் முதல் வகுப்பில், புதிதாகச் சேர்ந்த ஒரு முயலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. மரங்கொத்தி அளவுகோலை நீட்டியது.

"இன்னும் பத்து நாள்," என்று பெருமூச்சு விட்டபடி முள்ளம்பன்றி முதல் கோட்டைப் போட்டது.

தனக்குத் தெரியாத முதல் படியைத் தாண்டிக் குதிக்கிறவர், களைத்த காலோடு திரும்பி வந்து அதே படியில்தான் ஏற வேண்டியிருக்கும்.