கடைசிப் பந்தி

தென்காசிப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதன் தலைவி மங்கையர்க்கரசி அம்மை. சீடர் வைத்தியலிங்கம் அவரைவிட வயதில் மூத்தவர், ஊரறிந்த பொருளாதார நிபுணர்.

ஒரு நாள் காலையில் வாடிய முகத்தோடு வந்து நின்றார். மலையோரக் கிராமங்களுக்குப் போகும் ரேஷன் அரிசியைக் குறைக்கலாம் என்று அவர் தலைமையில் இருந்த அரசுக் குழு அறிக்கை எழுதியிருந்தது. மறுநாள் அவர் கையெழுத்துப் போட வேண்டும். கணக்கில் பிழையில்லை, கைதான் ஓடவில்லை என்றார்.

"உங்க வேலைக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று கேட்டார் அம்மை.

"எகனாமிஸ்ட்."

"அந்தப் பேரு எங்கேருந்து வந்துச்சு?"

கல்லூரி வகுப்பில் முதல் நாள் வைத்தியலிங்கம் நடத்தும் பாடமே அதுதான். முகம் கொஞ்சம் தெளிந்தது. அது கிரேக்கத்திலிருந்து வந்த சொல், வீட்டை நடத்துகிறவர் என்றுதான் முதலில் பொருள், நாடும் சந்தையும் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை என்று விரிவாகவே சொன்னார்.

"அப்ப இன்னைக்கு இந்த வீட்டை நடத்துங்க. சமையல்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கார்."

நிபுணர் விடுவாரா? கூடத்தில் இருந்தவர்களை எண்ணினார். அரிசியை அளந்து உலையில் போட்டார். எல்லோருக்கும் பரிமாறி, அதே பந்தியில் தாமும் உட்கார்ந்து திருப்தியாகச் சாப்பிட்டார். பானையில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை. அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

கூடத்தைக் கழுவி முடித்த பிறகு, தொழுவத்தில் வேலை பார்க்கும் மாடத்தியும் அவர் கணவரும் சாப்பிட வந்தார்கள். அம்மையும் அவர்களோடு உட்கார்ந்தார். மடத்தில் அதுதான் கடைசிப் பந்தி. தலைவி தினமும் அதில்தான் சாப்பிடுவார்.

எப்போதும் முதல் பந்தியிலேயே சாப்பிட்டுப் போகும் வைத்தியலிங்கம் அதைக் கவனித்ததே இல்லை. காலிப் பானையைப் பார்த்தார். "நீங்களும் இவங்களும் அப்ப கூடத்துல இல்லம்மா. அதனால கணக்குல வரல."

அம்மை கோபப்படவில்லை. மறுபடி உலை வைக்கச் சொன்னார். சோறு வேகும்வரை மாடத்தி தரையைப் பார்த்தபடி காத்திருந்தார். வைத்தியலிங்கத்துக்கு வயிறு நிறைந்திருந்ததே வெட்கமாக இருந்தது.

மூவருக்கும் பரிமாறிவிட்டு அம்மையின் அருகில் குனிந்தார். "அந்த அறிக்கையில கையெழுத்துப் போடலாமாம்மா?"

அம்மை சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்:

"எந்தப் பந்தியில உட்கார்ந்துகிட்டுப் போடப் போறீங்க?"