பால்செடி குலம் மாறிய கதை

அந்தக் காலத்தில் புல்லும் பூண்டும் வாய் திறந்து பேசும். ஆப்பிரிக்கப் புல்வெளியில் எந்தச் செடி எந்தக் குலம் என்று பிரித்து வைத்தவள் ஒரு பெண்யானை. ஜாதகமா பார்த்தாள்? கிளையை ஒடிப்பாள், கசிவதை நாக்கில் வைப்பாள், அவ்வளவுதான். பிசின் வந்தால் வேலமரக் குலம். நீர் வந்தால் புல் குலம். இனிக்கும் பால் வந்த ஒரே ஒரு குட்டைச் செடியைப் பசுவின் குலத்தில் சேர்த்துவிட்டாள்.

பால்செடிக்குத் தலைகால் புரியாத பெருமை. மழை பொய்த்த வருஷம் அந்தப் பெருமையே அவளுக்கு எமனாக வந்தது. ஆடு மேய்ந்தது, மான் மேய்ந்தது, காயெல்லாம் பிஞ்சிலேயே போயிற்று. மந்தையை வறட்சிக்குப் பறிகொடுத்த நைசுலா என்ற இடைச்சி, தன் நான்கு வயது மகள் சிமலோயைத் தினமும் காலையில் அனுப்புவாள். குழந்தை ஓர் இலையை மட்டும் கிள்ளும். பாலை உறிஞ்சிவிட்டு, காயத்தில் மண்ணைத் தடவிவிட்டுப் போகும்.

"பாலம்மா, வலிக்குதா?"

"இல்லடி கண்ணு. குடி."

கடைசியில் ஒரே ஒரு காய்தான் மிஞ்சியது. பால்செடி யானையிடம் அழுதாள். "என்னை எருக்கங் குலத்துக்கு மாத்திடு தாயே. என் பிள்ளைங்கள்ல ஒண்ணாவது பிழைக்கட்டும்."

"அந்தப் பால் விஷம். ஆள் பார்த்துக் கொல்லாது. மாறினா திரும்ப முடியாது, யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சாச்சு. மாத்து."

ஆடுகளைத்தான் யோசித்திருந்தாள் பாவி. யானை அவள் கிளையை ஒடித்து, எருக்கம்பாலைத் தடவினாள்.

மறுநாள் காலை ஆடு முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போயிற்று. பால்செடி பூரித்துப் போனாள். பின்னாலேயே சிமலோய் ஓடி வந்தாள். பசி வேகம். "வேண்டாம்டி, துப்பு!" என்று செடி கத்துவதற்குள் விழுங்கிவிட்டாள்.

"கசக்குது பாலம்மா," என்றாள். ஆனாலும் கை பழக்கத்தில் மண்ணை அள்ளிக் காயத்தில் தடவியது. பிறகு அங்கேயே சுருண்டு விழுந்தாள்.

நைசுலா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்று மட்டும் கேட்டாள். பால்செடிக்கு நா எழவில்லை. அப்புறம் எப்போதுமே எழவில்லை. தன் பிள்ளைகள் அந்த மண்ணில் முளைக்க வேண்டாம் என்று, காயைப் பிளந்து வெள்ளைப் பஞ்சோடு காற்றில் விட்டாள்.

அன்று முதல்தான் அந்தச் செடி எருக்கங் குலத்தில் ஊமையாக நிற்கிறது. ஒடித்துக் குலம் பார்ப்பவர்கள் அதன் பாலை நாக்கில் வைப்பதில்லை. காயத்தில் ஒரு பிடி மண்ணைத் தடவிவிட்டுப் போகிறார்கள்.