மலேசியாவுக்குப் போன மன்றம்

வாடிப்பட்டி ரசிகர் மன்றத்தில் மொத்தம் ஐந்து பேர். ஐவருக்கும் சேர்த்து மூளை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கும் ஒரு கமிட்டி போட்டுவிடுவார்கள். அந்த ஐவரில் செயலாளர் தவசிக்குத்தான் மானப் பிரச்சினை. அபிமான நடிகரின் புதுப் படத்தில், உள்ளூர்ச் சந்தையில் எடுத்த காட்சியில், வாழைத்தாரோடு நின்றவர் அவர். "நீங்களா? சினிமாவுலயா?" என்று மனைவி சீனியம்மா ஆறு மாதமாகச் சிரிக்கிறாள்.

படம் வந்தது. போனில் தட்டினால் 'உங்கள் நாட்டில் பார்க்க முடியாது' என்றது. மலேசியாவில் மட்டும் காட்டுகிறார்களாம். செல்போன் கடைக்காரர் ஏதோ ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்தார்.

"இதை அமுக்குங்க. நீங்க மலேசியாவுல இருக்கீங்கன்னு படம் காட்டுற கம்பெனிக்காரன் நம்பிருவான்."

பொருளாளர் ராக்கப்பன் தவசியின் கையைத் தட்டிவிட்டார். "பொய் சொல்லியா படம் பாக்குறது? மன்றத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

தவசிக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப பாக்கவே முடியாதா?"

"ஏன் முடியாது? நாமளும் மலேசியாவுல இருந்துட்டா, அது பொய்யே இல்லையே!" என்றார் ஒச்சு என்கிற உறுப்பினர். இப்படியொரு அறிவை வைத்துக்கொண்டு அந்த மனிதர் சும்மா ஊர் சுற்றிக்கொண்டிருந்தார்.

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அமுக்கினார்கள், மலேசியா வந்துவிட்டது. சுவர்க் கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னே தள்ளியதும் எல்லோருக்கும் பசித்தது. ஒச்சு, "ஊரு ஞாபகமாவே இருக்குப்பா" என்று கண்ணைத் துடைத்தார். அவர் வீடு எதிர்வரிசையில் இருந்தது.

அந்த நேரம் சீனியம்மா வந்தாள். ராக்கப்பன் மன்ற வாசலை மறித்தார். "பாஸ்போர்ட் இருக்காம்மா?"

தலையில் அடித்துக்கொண்டு அவள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். சரியாகச் சந்தைக் காட்சி ஓடியது.

"அட! வாழத்தாரோட நிக்கிறது நீங்கதான்! நெசமாத்தான் சொல்லியிருக்கீங்க!"

ஆறு மாதம் ஏங்கிய வார்த்தை. தவசி வாயெல்லாம் பல்லாக எழுந்தார். ராக்கப்பன் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"செயலாளரே, படத்துல அவன் எங்க நிக்கிறான்?"

"வாடிப்பட்டி சந்தையில."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"மலேசியாவுல."

"அப்ப அவன் யாரு?"

தவசி ஜன்னலுக்குப் பாய்ந்தார்.

"சீனி, அது நான் இல்ல! எவனோ என் மூஞ்சிய வச்சுக்கிட்டு ஊருக்குள்ள திரியிறான். வீட்டுப் பக்கம் வந்தா கதவத் தொறந்துறாத!"

சீனியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, தொறக்கல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாயங்காலம் மலேசியாவை அணைத்துவிட்டு வந்த தவசி, வீட்டுக் கதவைத் தட்டினார். திறக்கவில்லை. பலமாகத் தட்டினார். உள்ளே இரண்டாவது தாழ்ப்பாளும் விழுந்தது.

தவசிக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது.

"சபாஷ் சீனி! அப்படித்தான் இருக்கணும்! நான் இங்கயே காவலுக்கு நிக்கிறேன். அந்தப் பய வரட்டும், பிடிச்சிருவோம்!"