கேட்பாரற்ற கோட்டு

"என் மக ஒரு வார்த்தை பேசல," என்றார் சங்கரலிங்கம்.

"முதல்லை கோட்டைக் கழட்டுங்கோ ஐயா," என்றாள் ரீச்சர்.

அவர் கழற்றிக் கொடுத்தார். அவள் அதைக் கொக்கியில் மாட்டிவிட்டு, எண் போட்ட வில்லை ஒன்றை அவர் கையில் வைத்தாள். முப்பத்தொன்று.

நார்வேயில் ஒரு சின்ன ஊர். பெயர் நம் வாயில் நுழையாது, விட்டுவிடுவோம். பழைய மீன் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஈழத்துத் தமிழர்கள் முருகன் கோயிலாக்கி வைத்திருந்தார்கள். மழை நாளில் இன்னும் லேசாக வாடை வரும். முருகன் ஒன்றும் சொன்னதில்லை.

கோயில் வாசலில் கோட்டு வாங்கி வைப்பது ரீச்சரின் வேலை. நாற்பது வயதிருக்கும். வாரநாட்களில் பாலர் பள்ளியில் குழந்தைகளுக்குச் சப்பாத்து மாட்டிவிடுகிற உத்தியோகம், அதனால் டீச்சர்; ஈழத்து வாயில் எல்லோருக்கும் ரீச்சர். முருகனிடம் போகிறவர்கள் முதலில் இவளிடம் கோட்டைக் கொடுத்தாக வேண்டும். பலர் கோட்டோடு கவலையையும் கொடுத்தார்கள். இவள் இரண்டையும் மாட்டி வைப்பாள். போகும்போது கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

சங்கரலிங்கத்துக்கு அறுபத்திரண்டு வயது. சங்கரன்கோவில்காரர். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் கோமதியை இந்த ஊரில் இருக்கும் ஈழத்துப் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். பிரசவத்துக்குத் தாய்தான் வருவது வழக்கம். தாய் இல்லை, மூன்று வருஷம் முன்பு போய்விட்டாள். அதனால் பூண்டுக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டு இவர் வந்திருந்தார்.

"இப்ப சொல்லுங்கோ," என்றாள் ரீச்சர்.

"நான் வீட்டுல சாரம்தான் கட்டுவேன். கைலி. நாப்பது வருசமா அதான் பழக்கம். சம்பந்திக்கு அது ஆகல. வந்த அன்னையில இருந்து மூஞ்சி சரியில்ல. குப்பை போடக் கீழ போனா கால்சட்டை போடுங்கோங்காரு. பால்கனியில நிக்காதீங்கோங்காரு."

"பிறகு?"

"போன செவ்வாக்கிழமை பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா வந்துச்சு. பொறக்கப்போற பிள்ளைக்குக் கம்பளியில காலுறை பின்னிக் கொண்டாந்துச்சு. நல்ல அம்மா. நான் அடுப்படியில நின்னேன். கையில கரண்டி, இடுப்புல சாரம். வாங்கம்மான்னு வெளிய வந்தேன். சம்பந்தி அத்தனை பேரு முன்னாலயும் சொல்லுதாரு, நாலு பேர் பாக்கினம், போய் மாத்திக்கொண்டு வாங்கோன்னு."

"மாத்தினனீங்களோ?"

"போனேன். மாத்தினேன். வெளிய வரல."

கையிலிருந்த வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அவரு சொன்னது கூடப் பெருசில்ல டீச்சரம்மா. என் மக அங்கதான் உக்காந்திருந்தா. எங்கப்பா அப்படித்தான் இருப்பாகன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? வாயே தொறக்கல. இனிமே எனக்கு இங்க என்ன வேலை? அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட்டை மாத்திட்டேன்."

"பிள்ளை பிறக்க?"

"இன்னும் மூணு வாரம் இருக்கு."

"பேரப்பிள்ளையைப் பாக்காமலே போறியளோ?"

"மகளே என்னைப் பாக்கல. பேரன் பாத்து என்ன ஆகப்போகுது?"

ரீச்சர் கோட்டு வரிசைப் பக்கம் திரும்பினாள். குனிந்து, கடைசிக் கொக்கியில் கிடந்த கறுப்புக் கோட்டு ஒன்றை எடுத்து, தூசி தட்டி, அவரிடம் நீட்டினாள்.

"இது மூண்டு வருசமா இஞ்சை கிடக்கு. ஒருத்தரும் கேக்கேல்லை."

"எனக்கெதுக்கு?"

"உங்களுக்கில்லை. அந்தச் சொல்லு இருக்கெல்லோ, நாலு பேர் பாக்கினம், போய் மாத்திக்கொண்டு வாங்கோ எண்டு. அது ஆரின்ரை எண்டு கண்டுபிடிச்சு, அந்த ஆளிட்டை இந்தக் கோட்டைக் குடுங்கோ. குடுத்திட்டுப் பிளேன் ஏறுங்கோ."

இதென்ன பெரிய வித்தை என்று நினைத்தார் சங்கரலிங்கம். ஆள்தான் வீட்டில் அடுத்த அறையில் இருக்கிறாரே.

*

சம்பந்தி சிவபாதசுந்தரம் முன்கூடத்தில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். சங்கரலிங்கம் கோட்டை மேசைமேல் வைத்தார்.

"இந்தாங்க. உங்களுதாம்."

சிவபாதசுந்தரம் விரித்துப் பார்த்தார். "என்ரை இல்லையே சம்பந்தி."

"சாரத்தை மாத்திட்டு வாங்கன்னு சொன்னீங்கள்லா. அந்தப் பேச்சு யாருதோ அவருகிட்ட குடுக்கச் சொன்னாங்க."

"ஆர் சொன்னது?"

"கோட்டு வாங்கி வைக்கிற டீச்சரு."

சிவபாதசுந்தரம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கோபப்படுவார் என்றுதான் சங்கரலிங்கம் எதிர்பார்த்தார். சண்டைக்குத் தயாராகக்கூட இருந்தார்.

"எண்பத்தேழாம் ஆண்டு, மாசி மாசம்," என்றார் சிவபாதசுந்தரம். "நான் இஞ்சை வந்து இரண்டாம் நாள். பால் வாங்கச் சாரத்தோடை கடைக்குப் போனனான். அண்ணர் ஓடி வந்து கடை வாசல்லை மறிச்சவர். நாலு பேர் பாக்கினம், போய் மாத்திக்கொண்டு வா எண்டார். பால் இல்லாமல் திரும்பினனான்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்குப் பிறகு கட்டேல்லை."

"தூங்கும்போது கூடவா?"

"படுக்கேக்கையும் இல்லை."

கோட்டை மடித்துச் சங்கரலிங்கத்தின் பக்கம் தள்ளினார்.

"உங்களைச் சாரத்தோடை கண்டாப்போலை எனக்குக் கடை வாசல் ஞாபகம் வருது," என்றார் சிவபாதசுந்தரம். "ஆக்களுக்கு முன்னாலை சொன்னது பிழைதான். அது அண்ணரின்ரை சொல்லு. கோட்டையும் அவரிட்டைக் குடுங்கோ."

"எங்க இருக்காரு?"

"செத்துப் பத்து வருசம்."

*

அடுத்த வெள்ளிக்கிழமை சங்கரலிங்கம் கோட்டைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார்.

"செத்தவருக்கு எப்படிக் குடுக்க டீச்சரம்மா? இது ஆகாத வேலை. நாளன்னிக்கு நான் கிளம்புதேன்."

"உங்களுக்குச் சம்பந்தியிலை கோவமோ?"

"இருந்துச்சு. பால் இல்லாம திரும்பி வந்தாருன்னு கேட்டப்புறம் பாதி போயிருச்சு."

"அப்ப ஏன் போறியள்?"

"சொன்னேன்லா. மக பேசல."

"பேசாதது மகள். கோட்டைக் கொண்டுபோய்க் குடுத்தது சம்பந்தியிட்டை."

சங்கரலிங்கம் விழித்தார்.

ரீச்சர் அடுத்து நின்றவரின் கோட்டை வாங்கத் திரும்பிவிட்டாள்.

*

சனிக்கிழமை. பெட்டி கட்டியாகிவிட்டது. பயணத்துக்கு ஒரு பேண்ட் மட்டும் வெளியே இருந்தது.

கோமதி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, குட்டிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். போகாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. அதுவும் அவருக்குக் குறைதான்.

அவர் கோட்டைக் கட்டிலில் போட்டார்.

"இது யாருதுப்பா?"

"நாலு பேரு பாப்பாங்க, போய் மாத்திட்டு வாங்கன்னு யாரு சொன்னாங்களோ, அவங்களுதாம். உங்க மாமனாரு என்னுது இல்லன்னுட்டாரு. உனக்குத் தெரியுமா?"

கோமதி மடிப்பதை நிறுத்தினாள்.

"நீங்க தெரியாமத்தான் கேக்கியளாப்பா?"

"தெரிஞ்சா ஏன் கேக்கப்போறேன்?"

"ப்ளஸ் டூ முடிச்ச வருசம். ஆடித்தபசு அன்னைக்கு. எல்லாரும் கோயிலுக்குக் கிளம்பி நிக்கோம். சித்தி கோயம்புத்தூர்ல இருந்து எனக்கு ஒரு ஜீன்ஸ் வாங்கிட்டு வந்திருந்தா. அதைப் போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தேன். சித்தப்பா, சித்தி, எதிர்வீட்டு ஆளுக, எல்லாரும் நிக்காங்க."

"ம்."

"நாலு பேரு பாப்பாங்க, போய் மாத்திட்டு வான்னிய."

"நானா?"

"நீங்கதாம்ப்பா."

சங்கரலிங்கம் யோசித்துப் பார்த்தார். ஆடித்தபசு ஞாபகம் வந்தது. கூட்டம் ஞாபகம் வந்தது. ஜீன்ஸ் ஞாபகம் வரவில்லை.

"எனக்கு அப்படி ஒண்ணு நடந்ததே நெனவில்லையே கோமு."

"உங்களுக்கு எப்படி இருக்கும்? மாத்தினது நான்லா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"உள்ள போயி மாத்தினேன். வெளிய வந்தேன். நீங்க பாட்டுக்கு முன்னால நடந்து போயிட்டிய. எனக்கு உங்க மேல கோபமே வரலப்பா. அம்மா மேலதான் வந்துச்சு. பக்கத்துலதான் நின்னா, தலையில பூ வச்சிக்கிட்டு. என் மக என்னத்தையும் போட்டுட்டுப் போறான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? வாயே தொறக்கல. நாலு மாசம் அம்மாகூட நான் மொகம் கொடுத்துப் பேசல."

சங்கரலிங்கம் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்ம்மா அன்னைக்குப் பேசலன்னு ஒருநாள் கேக்கணும்னு இருந்தேன். நான் கேக்கதுக்குள்ள அம்மா போயிட்டா."

அவள் ஒரு குட்டிச் சட்டையை எடுத்தாள். மடிக்கவில்லை.

"அன்னைக்கு அந்த வெள்ளைக்காரம்மா முன்னால மாமா உங்களைச் சொன்னாகள்லா, நான் வாயைத் தொறந்தேன்ப்பா. சத்தமா வந்துரும்னுதான் நெனச்சேன். வரல. அப்பத்தான் அம்மாவை நெனச்சேன்."

அவள் மறுபடி மடிக்கத் தொடங்கினாள். அவர் ஒரு சொல் சொல்ல வேண்டும், அது என்ன சொல் என்றும் தெரியும். நாற்பது வருஷ உத்தியோகத்தில் தப்பு நேர்ந்தபோது மேலதிகாரியிடம் எத்தனையோ தடவை சொன்ன சொல்தான். மகளிடம் சொல்ல நாக்கு எழும்பவில்லை.

எழுந்தார். பேண்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். மருமகனைக் கூப்பிட்டு டிக்கெட்டை ரத்து செய்யச் சொன்னார். ராத்திரிக்குப் பூண்டுக் குழம்பு வைத்தார். உப்பு கூடிவிட்டது. யாரும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இப்படித்தான், யாரும் எதுவும் சொல்வதில்லை.

*

மூன்றாவது வெள்ளிக்கிழமை நல்ல பனி. மருமகன் காரைக் கோயில் வாசலுக்கு எதிரே நிறுத்தினான். நிறைமாதக்காரி இந்தப் பனியில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று கோமதி காரிலேயே இருந்துகொண்டாள்.

சங்கரலிங்கம் மட்டும் இறங்கி வந்தார். மேலே அந்தக் கறுப்புக் கோட்டு. கீழே வேட்டி.

ரீச்சர் பார்த்தாள்.

"ஊருக்குப் போகேல்லையோ ஐயா?"

"போகல."

"கோட்டுக்குரிய ஆள்?"

"கிடைச்சாச்சு."

"ஆராம்?"

சங்கரலிங்கம் இரண்டு கையையும் லேசாக விரித்துக் காட்டினார். தோள் சரியாக இருந்தது. கை சரியாக மணிக்கட்டில் நின்றது.

"அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு டீச்சரம்மா."

ரீச்சர் சிரிக்கவில்லை. வழக்கம்போல் கையை நீட்டினாள்.

அவர் ஒரு பொத்தானைக் கழற்றினார். அடுத்ததில் கை நின்றது.

"மககிட்ட ஒண்ணு சொல்லணும். ஆறு நாளா வாயில வரமாட்டேங்கு. அப்பன்னு ஒரு கெத்து இருக்குல்லா. அதைப் போட்டே பழகிட்டேன்."

"ம்."

"இதைக் கழட்டிட்டா குளிருமே?"

"குளிரும்," என்றாள் ரீச்சர்.

அவர் மற்றப் பொத்தான்களையும் கழற்றி, கோட்டை அவள் கையில் கொடுத்தார். அவள் நீட்டிய வில்லையை வாங்கவில்லை.

உள்ளே மணி அடித்தது. எல்லோரும் சாமி பக்கம் போனார்கள். சங்கரலிங்கம் கதவைத் திறந்துகொண்டு, வெறும் சட்டையும் வேட்டியுமாக, பனியில் இறங்கிக் காரை நோக்கி நடந்தார்.