பொதுக் கோப்பில் இருந்த முப்பத்தைந்து

காலை பத்து மணி. கணினி அறை வாசலில் இரண்டு ஜோடி செருப்பு. ஒன்று செண்பகவல்லியுடையது.

அது 2003 மே மாதம், பாளையங்கோட்டை. அப்போதெல்லாம் கணினி அறைக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. தூசு பட்டால் இயந்திரம் கெட்டுவிடும் என்றார்கள். கோயிலுக்குள் நுழைவதுபோல வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள். ஜன்னலில் கெட்டியான நீலத் திரை. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீருக்கு ஒரு சிவப்பு வாளி. அந்தத் தரையின் சில்லிப்பு, அங்கே வேலை பார்த்தவர்களின் உள்ளங்காலில் இன்றும் இருக்கும்.

அறைக்குப் பொறுப்பு பிலோமினா. வயது இருபத்தொன்பது. அவரிடம் தொழில் கற்க வந்த செண்பகவல்லிக்கு நாற்பத்தேழு. அதற்குமுன் ரத்தப் பைகளுக்குச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தவர். குரு சிஷ்யையை அக்கா என்றார். சிஷ்யை குருவை டீச்சர் என்றார்.

ஒன்பது ரத்த வங்கிகளின் இருப்பை ஒரே திரையில் காட்டுவது அந்த அறையின் வேலை. ஒவ்வொரு வங்கியிலிருந்தும் விவரத்தை எடுத்துவர ஒரு நிரல் உண்டு. அதை ஜாப் என்பார்கள். எந்த வங்கியில் எந்தப் பை இருக்கிறது, அது இன்னும் கெடாமல் இருக்கிறதா என்று அந்தத் திரையைப் பார்த்துத்தான் ஆஸ்பத்திரிகள் ஆள் அனுப்பின.

அந்த வாரச் சனிக்கிழமை பிலோமினா பெங்களூர் வேலைக்குப் போகிறார். அதற்குள் செண்பகவல்லி தனியாக நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வேலை வெளிக் கம்பெனிக்குப் போகும். அவர் பழையபடி சீட்டு ஒட்டப் போக வேண்டும். மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

அந்தத் திங்கட்கிழமை, விவரமெல்லாம் வந்து சேரும் சர்வரின் முகவரி மாறியது. ஒன்பது ஜாப்பிலும் திருத்த வேண்டும். செண்பகவல்லி எட்டில் திருத்தினார். மதியம்வரை திரையில் கோவில்பட்டி வங்கியே இல்லை.

"டீச்சர், ஒரே முகவரியை எதுக்கு ஒன்பது இடத்துல எழுதி வச்சிருக்கு?"

"நீங்க சொல்லுங்க அக்கா. என்ன செய்யலாம்?"

"ஒரு இடத்துல எழுதி வைப்போம். ஒன்பதும் அங்க வந்து பாத்துக்கிடட்டும்."

"வைங்க" என்றார் பிலோமினா.

மறுநாள் பிலோமினா வேலையிலிருந்து விடுவிக்கும் கடிதத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். செண்பகவல்லி பொதுக் கோப்பு ஒன்றை உண்டாக்கினார். ஒன்பது ஜாப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஒன்றுபோல் இருந்ததையெல்லாம் அதில் கொண்டுபோய் வைத்தார். சர்வர் முகவரி. கடவுச்சொல். கடைசி வரியில், கெடு 35. பையில் ரத்தம் தாங்கும் நாள் அது.

புதன் காலை நாகர்கோவில் வங்கியிலிருந்து போன். புது வகைப் பை வந்திருக்கிறது, இனி நாற்பத்திரண்டு நாள் தாங்கும் என்றார்கள். செண்பகவல்லி பொதுக் கோப்பைத் திறந்து ஓர் எண்ணைத் திருத்தினார்.

"பாத்தியளா டீச்சர், நாகர்கோவில் சொன்னதை மாத்தியாச்சு. விரல்கூட நோகல."

பிலோமினா வேறு வேலையில் இருந்தார். தலையாட்டினார்.

கால் மணி நேரத்தில் தூத்துக்குடி வங்கியின் மிக்கேல் கூப்பிட்டார்.

"யக்கா, கெடு முடிஞ்சுதுன்னு நான் தூக்கிப் போட எடுத்து வச்ச பை, உங்க திரையில நல்லா இருக்குன்னு நிக்கி. செத்தவன் எந்திரிச்சு உக்காந்த மாதிரில்லா இருக்கு!"

செண்பகவல்லி டீச்சரைக் கூப்பிட்டார். பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு, கோப்பைத் திறந்து, 35 என்று மாற்றினார். பிறகு மற்ற எட்டு வங்கிகளுக்கும் வரிசையாகப் போன் செய்தார். கெடு முடிந்த பைகளைக் கேட்டு அதற்குள் யாரும் வரவில்லை.

"எங்க தப்பு டீச்சர்? நேத்துவரைக்கும் ஒன்பதுலயும் ஒரே எண்தானே?"

"சாப்பிட்டு வாறேன்" என்று பிலோமினா எழுந்து போனார்.

சற்றுக் கழித்துச் செண்பகவல்லியும் வெளியே வந்தார். அவருடைய செருப்பு இல்லை. பிலோமினாவுடையது கிடந்தது. போட்டுப் பார்த்தார். பொருந்தியது. அதிலேயே கேட்வரை நடந்தார்.

கேட்டுக்கு வெளியே, செருப்பு தைப்பவர் முன்னால் பிலோமினா நின்றுகொண்டிருந்தார். தைப்பவர் கையில் செண்பகவல்லியின் வலது செருப்பு. குதிப் பக்கம் ஒரு தடி ரப்பர் ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயோ டீச்சர், என் செருப்புல என்ன ஒட்டுதாரு?"

"எனக்கு வலது குதி வலி. கொஞ்சம் உயரமா இருந்தா நல்லாருக்கும்னு டாக்டர் சொன்னார்."

"உங்க குதி வலிக்கு என் செருப்பா?"

"உங்க செருப்பு என்ன நம்பர் அக்கா?"

"ஆறு."

"என்னுதும் ஆறு. ரெண்டும் ஒரே எண்தானே."

செருப்பு தைப்பவர் நிமிர்ந்தார். "ஒட்டணுமா, பிடுங்கணுமா? பசை காயுது. ரெண்டு பேரும் பேசி ஒரு முடிவு சொல்லுங்கம்மா."

செண்பகவல்லி காலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். தைப்பவர் கையில் இருந்ததைப் பார்த்தார்.

"ஒட்டுங்க" என்றார். "நான் மறக்காம இருப்பேன்."

திரும்பி நடக்கும்போது வலது கால் உயர்ந்து உயர்ந்து இறங்கியது. வாசலில் செருப்பைக் கழற்றியபடி கேட்டார்.

"அப்போ பொதுக் கோப்பே வேண்டாமா?"

"வேணும்."

"எதைப் பொதுவுல வைக்கணும், எதைத் தனியா வைக்கணும்னு எப்படித் தெரியும்? நீங்க சனிக்கிழமை போயிருவீங்க. பாக்கதுக்கு எல்லா எண்ணும் ஒண்ணுபோலத்தான இருக்கு."

பிலோமினா கதவைத் திறந்தார். குளிர் வெளியே வந்தது.

"சர்வர் முகவரியை மாத்தணும்னா யாரைக் கேப்பீங்க?"

"மேலாளரை."

"கெடு நாளை மாத்தணும்னா?"

செண்பகவல்லிக்குத் தங்கள் தங்கள் பைக்குக் கெடு சொல்லும் ஒன்பது வங்கிகளின் டாக்டர்களும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். உள்ளே போய் உட்கார்ந்து, பொதுக் கோப்பின் கடைசி வரியை அழித்தார். எட்டு ஜாப்பில் 35 என்றும் நாகர்கோவிலில் 42 என்றும் எழுதினார்.

சனிக்கிழமை பிலோமினா போனார். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. வலது குதி சற்று உயரம்.

2011 மார்ச் 31 அன்று அந்த அறை மூடப்பட்டது. பொதுக் கோப்பில் அப்போது இரண்டு வரிகள் இருந்தன. ஐந்து ஜாப்பில் கெடு 42, நான்கில் 35.