குறை கேட்க வந்த கொக்கு

ஒரு காட்டில் சிங்கராஜா புது அரண்மனை கட்டத் தொடங்கியது. காட்டுப்பன்றி அந்த வேலையைக் காண்டிராக்ட் எடுத்தது. கல் சுமக்கக் கழுதைகளைச் சேர்த்துக்கொண்டது.

ஒருநாள் மாராயி என்ற கழுதை, முதுகில் அளவுக்கு மீறி ஏற்றிய கல்லோடு மேட்டிலிருந்து சரிந்து விழுந்தது. முன்னங்கால் ஒடிந்துவிட்டது.

"எழுந்து நட! முடியாட்டி வெளியே போ!" என்றது பன்றி. அன்றோடு மாராயிக்குத் தீனி நின்றது.

உழைப்பவர்களின் குறை தீர்க்க அந்தக் காட்டில் ஓர் அதிகாரி இருந்தது. அது ஒரு கொக்கு. குளக்கரையில் ஒற்றைக் காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்காகவும் கவலைப்படுவதுதான் அதன் உத்தியோகம். மாராயி நொண்டி நொண்டி அங்கே போனது.

"ஐயா, காலும் போச்சு, தீனியும் போச்சு. நீங்கதான் நியாயம் சொல்லணும்!"

"அடடா! ஒற்றைக் காலில் நிற்கும் கஷ்டம் எனக்குத் தெரியாதா? நாளைக்கே திடீர்ச் சோதனைக்கு வருகிறேன்!" என்றது கொக்கு.

மாராயி போனதும் கொக்கு பன்றிக்கு ஆள் அனுப்பியது: "நாளைக்குத் திடீர்ச் சோதனை. தயாராக இரு!"

மறுநாள் பெரிய கற்களெல்லாம் புதருக்குள் போயின. கழுதைகளுக்கு முன்னால் பச்சைப் புல் குவிந்து கிடந்தது. கொக்குக்குக் கெண்டை மீன் காத்திருந்தது.

மீனை விழுங்கிவிட்டு, "யாருக்காவது குறை உண்டா?" என்று கேட்டது கொக்கு. பக்கத்திலேயே பன்றி பாறையில் கோரைப்பல்லைத் தீட்டிக்கொண்டு நின்றது. கழுதைகள் தலையைக் குனிந்துகொண்டன.

"ஆகா! குறையே இல்லாத இடம்!"

"நான் இருக்கேனே, ஐயா!" என்று மாராயி முன்னே வந்தது.

"யார் இது? நான் பார்த்ததே இல்லையே!" என்றது பன்றி.

"இது இங்கே வேலை செய்ததற்குச் சாட்சி உண்டா?" என்றது கொக்கு.

மாராயி தன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் சடையன் என்ற கழுதை கத்தியது: "நான் சாட்சி! அவகூட நானும்தான் சுமந்தேன்!"

"நானும் சாட்சி!"

"நானும்!"

காடே அதிரும்படி கூட்டம் முழுவதும் கத்தியது.

கொக்கு தொண்டையைச் செருமியது. "நல்லது, நல்லது. அடுத்த கோடையில் நிதானமாக விசாரிக்கலாம்."

"சரிங்க ஐயா. அதுவரைக்கும் கல்லும் நிதானமாக் கிடக்கட்டும்!" என்று சடையன் படுத்துவிட்டது. எல்லாக் கழுதைகளும் படுத்துவிட்டன.

மாலையில் மழை கொட்டியது. கூரையில்லாத அரண்மனையில் சிங்கராஜாவின் பிடரி நனைந்து ஒழுகியது. "ஏன் வேலை நிற்கிறது?" என்று அது கர்ஜித்தது.

நனைந்தது ராஜாவாயிற்றே! கொக்குக்குச் சட்டமெல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது.

"மாராயியின் கால் குணமாகும்வரை பன்றியே தீனி சுமந்து வந்து தர வேண்டும்! இனி எந்தக் கழுதைமீதும் தாங்காத பாரம் ஏற்றக் கூடாது!" என்று தீர்ப்புச் சொன்னது.

பன்றி முனகிக்கொண்டே முதல் புல்கட்டைச் சுமந்து வந்து போட்டது. மாராயி அதில் பாதியைச் சடையன் பக்கம் தள்ளியது.

உடன் உழைப்பவர்கள் வாய் திறக்காதவரை எந்தச் சட்டமும் கண் திறப்பதில்லை.