இரண்டு பைகளுக்கும் ஒரே காற்று

கிளீனர் சாமி என்று கேட்டால்தான் அந்தப் பக்கத்தில் வழி சொல்வார்கள். தீட்சை வாங்கிய பெயர் ஒன்றும் உண்டு. அது அவருக்கே சட்டென்று ஞாபகம் வராது. மரம் ஏற்றும் லாரியில் பல வருஷம் கிளீனராக இருந்தவர். ஒரு நாள் மலையடிவாரத்தில் வண்டியை விட்டு இறங்கினார், மறுபடி ஏறவில்லை. இறங்கிய இடத்தில் இப்போது ஓர் ஓட்டுக் கொட்டகை, ஒரு சமையல்கட்டு, பக்தர்கள் வாங்கிக் கொடுத்த பழைய பிக்கப் வண்டி ஒன்று. மடம் என்பது அவ்வளவுதான்.

மடத்துக்கு ஒரே ஒரு சீடர். பெயர் தவசிக்கனி. சாமியைவிட ஏழெட்டு வயது மூத்தவர். அதனால் சாமி அவரை அண்ணாச்சி என்பார், அவர் இவரைச் சாமி என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு இதில் யார் காலில் விழுவது என்று கொஞ்ச நேரம் திண்டாட்டம்தான்.

தவசிக்கனி ஊருக்குள் பஞ்சர் கடை வைத்திருந்தவர். எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள் அனுசியா காய்ச்சலில் போய்விட்டாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே கடையைப் பூட்டிவிட்டு மடத்துக்கு வந்தார். அன்றிலிருந்து காலையில் வருவார், பொழுது சாய்ந்த பிறகு வீட்டுக்குப் போவார். அவர் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு யாரும் பார்த்ததில்லை. "மனுசன் கல்லு மாதிரி நிக்காருப்பா" என்று ஊரில் சொன்னார்கள். அதைப் பாராட்டு என்றே அவரும் எடுத்துக்கொண்டார்.

மலைமேல் இருக்கும் குடியிருப்பில் கிணறு வற்றிப்போயிருந்தது. பிக்கப்புக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி டிரெய்லரைக் கொக்கியில் மாட்டி, தினமும் மேலே கொண்டு போவது தவசிக்கனியின் வேலை. தொட்டி நிறைந்ததும் அந்தப் பாரம் கொக்கியில் இறங்கும். வண்டியின் பின்பக்கம் உட்கார்ந்துவிடும், மூக்கு மேலே தூக்கும். விளக்கைப் போட்டால் ரோட்டில் விழவேண்டிய வெளிச்சம் பனைமர உச்சியில் விழும். ஸ்டியரிங் கைக்கு அடங்காது. இதைப் பார்த்துப் பதறிய பக்தர் ஒருவர் இரண்டு காற்றுப் பைகள் வாங்கி அனுப்பியிருந்தார். வண்டியின் சட்டத்துக்கும் பின் அச்சுக்கும் நடுவில், பட்டை ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கிற ரப்பர் பைகள். பக்கத்துக்கு ஒன்று. பாரம் ஏற்றும்போது காற்றை அடித்தால் வண்டியைத் தாங்கிப் பிடிக்கும்.

அன்றைக்கு வானம் மூட்டம் போட்டிருந்தது. மழை வராது என்று எல்லோருக்கும் தெரிந்த மூட்டம். தவசிக்கனி வண்டியை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, அடியில் படுத்து, பழைய ரப்பர் கட்டைகளைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பைகளை மாட்டினார். சாமி பக்கத்தில் குந்தியிருந்து, கேட்பதற்கு முன்பே சரியான ஸ்பானரை நீட்டினார். காவி கட்டினாலும் கை பழையதை மறக்கவில்லை.

"காத்து அடிக்க வாய் ரெண்டு வந்துதே அண்ணாச்சி. ஒண்ணத்தான மாட்டியிருக்கீய?"

"ஒண்ணு போதும் சாமி. நடுவுல டீ ஜாயிண்ட் போட்டு ரெண்டு பையையும் ஒரே டியூபுல சேத்துட்டேன். இந்த வாயில அடிச்சா ரெண்டுக்கும் சமமாப் போவும். ஒண்ணுக்குக் கூட, ஒண்ணுக்குக் கொறைய, அந்தப் பேச்சே கெடையாது."

"நியாயந்தான்" என்றார் சாமி.

காற்று விஷயத்தில் ஒரு பஞ்சர் கடைக்காரனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது என்பது தவசிக்கனியின் எண்ணம். வண்டியை இறக்கி, காற்றை அடித்து, இணைப்புகளில் சோப்புத் தண்ணீரைத் தடவிப் பார்த்தார். ஒரு குமிழிகூட வரவில்லை. வேறு நாளாக இருந்தால் கொஞ்சம் சிரித்திருப்பார்.

கையைத் துடைத்துக்கொண்டே, ஏதோ ஸ்பானர் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சாமி, செல்லத்தாயி அவ அண்ணன் கூடப் போறேங்கா."

செல்லத்தாய் அவருடைய மனைவி, சாமிக்கு மதினி. சாமி திரும்பிப் பார்த்தார்.

"மஸ்கட்ல இருக்காருல்லா எங்க மச்சான். புள்ள சாவுக்கு அவரால வர முடியல. இப்பத்தான் லீவு கெடச்சிருக்கு. இன்னைக்கு மத்தியானம் துட்டி கேக்க வாராரு. போவும்போது தங்கச்சியையும் அவரு ஊருக்குக் கூட்டிட்டுப் போறாராம்."

"எத்தன நாளைக்கு?"

"நாள் சொல்லல. பெட்டியக் கட்டி வச்சிட்டா. அதுல அனுசியா துணிமணியும் இருக்கு."

திரும்பி வருகிறவள் அதைக் கட்டமாட்டாள். அது தவசிக்கனிக்குத் தெரியும்.

"நீங்க என்ன சொன்னீய?"

"என்னத்தச் சொல்ல? நானும் ஒடஞ்சு உக்காந்தா அவ தாங்க மாட்டான்னு எட்டு மாசமா நிமிந்து நிக்கேன். நான் நிமிர நிமிர அவ தாந்துக்கிட்டே போறா. சோறு எறங்கல. பேச்சும் நின்னுட்டு. ஒரே வீடு, ஒரே துக்கம். எனக்கு ஒண்ணும் ஆவல, அவளுக்கு மட்டும் ஏன் சாமி இப்படி?"

சாமி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார்.

"மலைக்கு அரிசி அனுப்பணும். உள்ள ஆறு மூட்டை கெடக்கு. வண்டியில ஏத்துங்க."

தவசிக்கனிக்குக் கோபம் வந்தது. குடி முழுகப்போகிறது என்று ஒருவன் சொல்கிறான், இவர் அரிசி மூட்டையைப் பற்றிப் பேசுகிறார். ஆனாலும் போனார். முதல் மூட்டையை முதுகில் சுமந்து வந்தபோது சாமி வண்டியின் இடது ஓரத்தைக் காட்டினார்.

"எல்லாத்தையும் இந்தப் பக்கமே அடுக்குங்க."

"ஒரே பக்கமாவா? வண்டி சாஞ்சிரும் சாமி."

"அதான் காத்துப் பை மாட்டியிருக்கீயள்லா."

ஆறு மூட்டையும் ஏறின. மூன்றாவது ஏறும்போதே வண்டி இடது பக்கம் தாழ ஆரம்பித்துவிட்டது. ஆறாவது ஏறியதும், கள் குடித்தவன் சுவரில் சாய்ந்த மாதிரி ஒருக்களித்து நின்றது.

"குனிஞ்சு பாருங்க."

தவசிக்கனி தரையில் கையை ஊன்றிக் குனிந்து பார்த்தார். இடது பை நசுங்கிக் கிடந்தது. வலது பை பூரி மாதிரி உப்பி நின்றது.

"இடது பை ஓட்டையா அண்ணாச்சி?"

"ஓட்டையெல்லாம் இல்ல. இப்பத்தான பாத்தேன்."

"அப்பம் அதுல இருந்த காத்து எங்க?"

"இந்தப் பக்கம் அமுங்கவும் டியூப் வழியா அந்தப் பக்கம் போயிட்டு."

"அந்தப் பக்கம் என்ன பாரம் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஆனாலும் நல்லா நிமிந்து நிக்கி."

தவசிக்கனி வலது பையை விரலால் தட்டிப் பார்த்தார். சாமி அடுத்ததைக் கேட்டார்.

"உங்க வீட்டுக்குத் துட்டி கேக்க வாரவங்ககிட்ட யாரு பேசுவா?"

"அவதான்."

"எல்லார்கிட்டயுமா?"

"வாரவங்க எல்லாரும் எப்படி ஆச்சுன்னுதான் மொதல்ல கேக்காவ. காய்ச்சல்னு படுத்த அன்னையில இருந்து அவ சொல்லுவா. ஒருத்தர் போனா இன்னொருத்தர் வருவாவ. திருப்பி மொதல்ல இருந்து சொல்லுவா."

"நீங்க?"

"நான் இங்க இருப்பேன். இல்லன்னா தண்ணி வண்டியில."

ஒரே ஒரு தடவை அவர் வீட்டில் மாட்டிக்கொண்டார். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்து உட்கார்ந்துவிட்டாள். செல்லத்தாய் சொல்ல ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தது, ராத்திரி கண்ணைத் திறந்தது, தண்ணீர் கேட்டது என்று சொல்லிக்கொண்டே வந்து அந்த இடத்தில் நின்றுபோனாள். சொந்தக்காரி கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "பொறவு?" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு மேல் தவசிக்கனியால் அங்கே நிற்க முடியவில்லை. ஈரக் காலோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு மடத்துக்கு வந்துவிட்டார். அன்றைக்கு அவர் தண்ணீரை இரண்டு நடை அடித்ததை எல்லோரும் பாராட்டினார்கள். செல்லத்தாய் அந்தப் 'பொறவு'க்கு என்ன பதில் சொன்னாள் என்று இந்த நாள் வரைக்கும் அவர் கேட்டதில்லை.

அவர் மெல்ல எழுந்தார்.

"புரியுது சாமி. நான் சேத்து மாட்டுனதுதான் தப்பு. இன்னொரு வாய் சட்டைப் பையிலதான் கெடக்கு. டியூப அறுத்துத் தனித்தனியா ஆக்கிருதேன். அவ காத்து அவளுக்கு, என் காத்து எனக்கு. அவ அண்ணன் கூடப் போறதுதான் நல்லதுன்னு சொல்லுதீய, அப்படித்தான?"

"டியூபப் பத்திப் பொறவு பேசிக்கிடுவோம். மொதல்ல மூணு மூட்டையத் தூக்கி அந்தப் பக்கம் போடுங்க."

தவசிக்கனி வண்டியில் ஏறினார். ஒரு மூட்டையை இழுத்து வலது பக்கம் போட்டார். இரண்டாவதைப் போட்டார். மூன்றாவதைப் பிடித்தவர் இழுக்காமல் நின்றுவிட்டார். மூட்டை கனத்தினால் இல்லை. கனம் அவருக்குப் பழக்கம்தான். அவருக்குப் பயமாக இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக, பயமாக இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் நகர்த்தினார். வண்டி அசைந்து அசைந்து, கடைசியில் மட்டமாக நின்றது. பின்பக்கம் முன்பைவிடக் கொஞ்சம் தாழ்ந்துதான் இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தாழ்ந்திருந்தது.

தூரத்தில் மத்தியான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு ஊருக்குள் போனது. சத்தம் கேட்டதும் அவருடைய கால் தானாக டிரைவர் கதவுப் பக்கம் நடந்தது.

"நேரமாச்சு சாமி. தொட்டிய மாட்டிட்டு மலைக்குக் கெளம்புதேன்."

சாமி குறுக்கே வந்து கையை நீட்டினார். "சாவியத் தாங்க. இன்னைக்கு நான் போறேன்."

"நீங்களா? வளைவெல்லாம் மோசம் சாமி. நீங்க கிளீனராத்தான..."

"கிளீனருக்கு ஓட்டத் தெரியாதுன்னு எந்த டிரைவர் உங்ககிட்ட சொன்னான்?"

தவசிக்கனி சாவியைக் கொடுக்காமல் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார். பஸ் சத்தம் அடங்கிப்போனது. இந்நேரம் மச்சான் இறங்கியிருப்பார், தெருவில் நடந்து வந்துகொண்டிருப்பார், வாசலில் செருப்பைக் கழற்றுவார்.

"உங்க மச்சான் வந்து உக்காந்ததும் எப்படி ஆச்சுன்னு கேப்பாரு" என்றார் சாமி.

"கேப்பாரு."

"நீங்க சொல்லுங்க."

"எனக்குச் சொல்ல வராது சாமி. ஒரு தடவகூட நான் அதச் சொன்னதில்ல. பாதியில நின்னுரும்."

சாமி அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிச் சாவியை எடுத்துக்கொண்டார்.

"நிக்கட்டும் அண்ணாச்சி. எங்க நிக்கோ, அங்க இருந்து மதினி சொல்லட்டும்."